பூச்சி பிடிக்கும் செடிக்குச் சாப்பாடு வெயில்தான்

பூச்சியுண்ணும் செடி என்றதும் பலர் மனதில் வருவது, பசித்த வாயோடு காத்திருக்கும் ஒரு மிருகம். அதனால்தான் ஒன்றை வாங்கி வந்தவுடன் ஈயைத் தேடுகிறார்கள். ஈ கிடைக்காவிட்டால் கோழிக்கறித் துணுக்கை வைக்கிறார்கள். விரலை விட்டு மூட வைத்து வீடியோ எடுக்கிறார்கள். செடி இருப்பதோ வெயில் எட்டாத மேசையில், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள். ஊற்றுவது குழாய்த் தண்ணீர். சில மாதங்களில் அது கறுத்துச் சாய்ந்ததும், “ரொம்ப நாசூக்கான செடி, நமக்கெல்லாம் வராது” என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

இந்தச் செடிகள் வீட்டில் பட்டினியால் சாவது மிக அபூர்வம். தண்ணீரிலும் மண்ணிலும் சேரும் உப்பாலும், வெளிச்சம் போதாததாலும்தான் பெரும்பாலும் சாகின்றன. இது ஏன் என்று புரிந்துகொண்டால் வளர்ப்பது எளிது. இவற்றை நன்றாகப் படம் எடுப்பதற்கும் அதே புரிதல்தான் வேண்டும்.

## சாப்பாடு வேறு, சத்து வேறு

எல்லாப் பச்சைச் செடிகளையும் போலவே இவையும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் வெயிலின் துணையோடு சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. இதுதான் ஒளிச்சேர்க்கை. உடம்பு வளரவும் இயங்கவும் வேண்டிய சக்தி அந்தச் சர்க்கரையிலிருந்து வருகிறது. பூச்சியிலிருந்து கிடைப்பது முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரஸும். புரதம் செய்ய நைட்ரஜன் இல்லாமல் முடியாது. மற்ற செடிகள் அதை வேர் வழியாக மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பூச்சியுண்ணும் செடிகள் தோன்றிய இடங்களோ சதுப்பு, ஈர மணல், நீர் கசியும் பாறை என்று சத்தே தங்காத நிலங்கள். வேரை நம்பிப் பிழைக்க முடியாத அந்த இடங்களில் இலை பொறியாக மாறியது.

நாம் சத்து மாத்திரை சாப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குறைபாடு இருப்பவருக்கு அந்த மாத்திரை பெரிய உதவி. அதற்காகச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையாகவே விழுங்கினால் உடம்பு தாங்காது. செடிக்குப் பூச்சி மாத்திரை, வெயில் சாப்பாடு.

சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் 1878-ல் இதைச் சோதித்துக் காட்டினார். இலையில் பசைத்துளிகளோடு பூச்சி பிடிக்கும் ட்ரோசெரா செடிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் சிறு இறைச்சித் துணுக்குகள் கொடுத்தார். கொடுக்காத பிரிவும் உயிரோடுதான் இருந்தது. கொடுத்த பிரிவு பூத்தண்டுகளையும் விதைகளையும் தெளிவாகவே அதிகம் கொடுத்தது. பூச்சி கிடைத்தால் செடி செழிக்கும், கிடைக்காவிட்டால் மெதுவாக வளரும். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பொறி என்பது செடிக்குச் செலவு. பொறியாக மாறிய இலை, சாதாரண இலை அளவுக்குச் சர்க்கரை செய்யாது. பசை, தேன், செரிமான நீர் எல்லாவற்றையும் சர்க்கரையைச் செலவழித்துத்தான் தயாரிக்க வேண்டும். வெயில் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில்தான் இந்தச் செலவு கட்டுப்படியாகும். இலை நுனியில் குடுவைபோன்ற பொறி கட்டும் குடுவைச் செடி, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்தால் வெறும் இலைகளாக விட்டுக்கொண்டு, குடுவையே கட்டாமல் நிற்பது இதனால்தான்.

இதுவரை பார்த்தது: சக்தி வெயிலிலிருந்து, சத்து பூச்சியிலிருந்து. வெயில் குறைந்தால் பொறியும் குறையும்.

## பொறிகள் எப்படி வேலை செய்கின்றன

உலகில் 600-க்கும் மேற்பட்ட பூச்சியுண்ணும் தாவர இனங்கள் உள்ளன. வீட்டில் வளர்ப்பவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பவை ஐந்தாறு வகைகள்தான்.

எல்லோருக்கும் தெரிந்தது வீனஸ் பூச்சிப்பொறி. இயற்கையில் இது வளர்வது அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில் மட்டுமே. பொறியின் ஒவ்வொரு மடலின் உட்பக்கத்திலும் பொதுவாக மூன்று மெல்லிய முடிகள் நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது பார்த்தால், சிவந்த மடல் மேல் ஒவ்வொரு முடியின் நிழலும் தனித்தனியாகத் தெரியும். இவைதான் உணர்முடிகள். ஒரு முடி அசைந்தால் மடல் முழுக்க ஒரு மின் சமிக்ஞை ஓடும், ஆனால் பொறி மூடாது. சுமார் 20 வினாடிக்குள் இரண்டாவது முறை அசைந்தால்தான் மூடும். ஒரு மழைத்துளி விழுந்ததற்கெல்லாம் மூடிச் சக்தியை வீணாக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

மூடுவதற்கு ஆகும் நேரம் சுமார் பத்தில் ஒரு வினாடி. தசையே இல்லாத செடிக்கு இந்த வேகம் எப்படி? திறந்திருக்கும் மடல் வெளிப்புறமாக வளைந்து, முறுக்கேறிய நிலையில் நிற்கிறது. சமிக்ஞை வந்ததும் செல்களில் நீரழுத்தம் மாறி, அந்த வளைவு ஓர் எல்லையைத் தாண்டுகிறது. உடனே மடல் சட்டென்று மறுபக்கமாக வளைந்துவிடுகிறது. வேகம் முழுவதும் அந்த வளைவில் தேக்கி வைத்த விசையிலிருந்து வருகிறது.

கதை அங்கே முடியவில்லை. மாட்டிய பூச்சி துடித்து உணர்முடிகளைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டும். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து தொடுகை அளவுக்கு வந்த பிறகே செரிமான நொதிகளுக்கான ஏற்பாடு தொடங்குகிறது. நொதி என்றால் உணவைக் கரைத்துப் பிரிக்கும் புரதம். அதன் பின் விளிம்புகள் இறுக ஒட்டிக்கொண்டு, பொறி ஒரு வாரம் பத்து நாள் வயிறுபோல வேலை செய்யும். உள்ளே அசைவே இல்லையென்றால் ஏமாந்துபோனது புரிந்து மெல்லத் திறந்துவிடும். ஒரு பொறி தன் ஆயுளில் சில முறைதான் இப்படி மூடித் திறக்க முடியும். பிறகு கறுத்து உதிர்ந்துவிடும். விரலால் சீண்டி விளையாடும்போது நாம் எடுத்துக்கொள்வது அந்தச் சில வாய்ப்புகளில் ஒன்றை.

ட்ரோசெராவில் வேகம் பெரிதாகக் கிடையாது, பசைதான் ஆயுதம். இலை முழுக்கச் சிவப்புக் காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி. பூச்சி ஒட்டியதும் அக்கம்பக்கக் காம்புகள் அதை நோக்கி மெதுவாக வளையும். சில இனங்களில் இலையே சுருண்டுகொள்ளும்.

குடுவைச் செடி என்னும் நெப்பந்தஸில் இலையின் நுனி கொடிபோல நீண்டு, அதன் முனை ஊதிக் குடுவையாகிறது. குடுவையின் விளிம்பில் நுண்ணிய வரிகள் உண்டு. ஈரம் பட்டால் அந்த வரிகளில் நீர்ப்படலம் பரவி, பூச்சியின் கால் பிடிமானம் இழந்துவிடும். உள்ளே பல இனங்களில் மெழுகுச் சுவர், அதற்குக் கீழே செரிமான நீர். சாரசீனியாவும் குடுவைதான், ஆனால் தரையிலிருந்து நேராக எழும் குழல். யூட்ரிகுலேரியா மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் மிகச்சிறிய பைகளை வைத்திருக்கிறது. பையிலிருந்து நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஏதாவது வந்து தொட்டதும் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் உறிஞ்சிவிடும். மொத்தக் கூட்டத்திலும் வேகமானவற்றில் ஒன்று இதுதான், கண்ணுக்குத்தான் தெரியாது.

## எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர்

புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் வைக்க முடியும் என்றால், அது தண்ணீராக இருக்கட்டும்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பு, தாதுக்களின் மொத்த அளவை டிடிஎஸ் என்கிறார்கள். அளக்கும் அலகு பிபிஎம். 1 பிபிஎம் என்பது லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம். இந்தச் செடிகளுக்கு 50 பிபிஎம்முக்குக் குறைவான தண்ணீர் வேண்டும். சத்தில்லாத நிலத்தில் வாழப் பழகிய வேர்களுக்கு உப்பைச் சமாளிக்கும் திறமை கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ் 300 என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொட்டியிலிருந்து தினமும் 100 மில்லி ஆவியாகிப் போனால், மாதத்துக்கு 3 லிட்டர் ஊற்றியிருப்போம். போவது தண்ணீர் மட்டும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். ஒரே மாதத்தில் 900 மில்லிகிராம், கிட்டத்தட்ட 1 கிராம் உப்பு. ஆறு மாதத்தில் ஐந்து கிராமுக்கு மேல். அதே தொட்டிக்கு 20 பிபிஎம் தண்ணீர் ஊற்றியிருந்தால் மாதம் 60 மில்லிகிராம்தான். “முதலில் நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று ஏன் போனது?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்ஓ நீர் மூன்றும் சரி. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைப்பதால் கரைந்த உப்பு போய்விடாது. பாட்டில் மினரல் வாட்டரில் தாதுக்கள் இருப்பதால் அதுவும் ஆகாது. குடிநீருக்கான ஆர்ஓ இயந்திரங்கள் சிலவற்றில் சுவைக்காகத் தாதுக்களை மறுபடி சேர்ப்பார்கள். ஆகவே ஆர்ஓ என்ற பெயரை நம்பாமல் ஒரு டிடிஎஸ் மீட்டரால் அளந்துவிடுவது நல்லது. இந்தப் பொழுதுபோக்கில் முதலில் வாங்க வேண்டிய கருவி எதுவென்று கேட்டால், கேமராவுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

வீனஸ் பூச்சிப்பொறி, ட்ரோசெரா, சாரசீனியா மூன்றுக்கும் தொட்டியின் கீழே ஒரு தட்டு வைத்து, அதில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க விடலாம். நெப்பந்தஸை அப்படி நிறுத்தக் கூடாது. மேலிருந்து ஊற்றி, மிச்சம் வடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகும்.

## மண் என்ற பெயரில் எது

தோட்ட மண், மட்கிய உரம், மண்புழு உரம் எதுவும் வேண்டாம். உரம் சேர்க்காத பீட் மாஸும் பெர்லைட்டும் பாதிக்குப் பாதி. பீட் மாஸ் என்பது சதுப்பில் பலகாலம் மட்கிய பாசி, பெர்லைட் என்பது பொரிந்த எரிமலைக் கண்ணாடித் துகள். நெப்பந்தஸுக்கு ஸ்பாக்னம் என்ற சதுப்புப் பாசியோடு பெர்லைட் கலந்தால் நீர் நன்றாக வடியும். தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும். பல முறை ஊறவைத்து அலசி, வடியும் நீரின் டிடிஎஸ் இறங்கியதைப் பார்த்த பிறகே பயன்படுத்தலாம். சுட்ட மண் தொட்டியிலிருந்தும் தாதுக்கள் கசியலாம் என்பதால் பிளாஸ்டிக் தொட்டியே போதும்.

## வெளிச்சமும் குளிரும்

வீனஸ் பூச்சிப்பொறிக்கும் பெரும்பாலான ட்ரோசெராக்களுக்கும் தினமும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நெப்பந்தஸுக்கு வடிகட்டிய பிரகாசமான வெளிச்சம் ஏற்றது. வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் செடி விளக்குகளைத் தினம் 12 முதல் 16 மணி நேரம் எரிய விடலாம். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் கடும் வெயிலுக்கு மாற்றினால் இலை கருகும். ஓரிரு வாரத்தில் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

வெளிச்சம் போதுமா என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கும். ட்ரோசெரா சிவந்து, துளிகள் பருத்து நின்றால் போதும் என்று அர்த்தம். இலை பச்சையாக நீண்டு, துளிகள் வற்றியிருந்தால் முதலில் வெளிச்சத்தைச் சந்தேகப்படுங்கள். கண்ணாடிக் குடுவைக்குள் மூடி வைப்பது நெப்பந்தஸுக்கு ஈரப்பதம் தரும் என்று சொல்வார்கள். மூடிய குடுவை வெயிலில் அடுப்பாகிவிடும், நிழலில் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டம் இருப்பதே மேல்.

வீனஸ் பூச்சிப்பொறிக்கும் சாரசீனியாவுக்கும் குளிர்கால உறக்கம் உண்டு. மூன்று நான்கு மாதம் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்து, வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுக்கும். அந்த ஓய்வு ஆண்டுக்கணக்கில் கிடைக்காவிட்டால் செடி தளர்ந்துபோகும். குளிர்காலமே இல்லாத இடத்தில் இருப்பவர்கள் இவற்றில் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவையோ உறக்கம் தேவைப்படாதவையோ எத்தனையோ இருக்கின்றன. ட்ரோசெரா ஸ்பாட்டுலேட்டா, ட்ரோசெரா கேபென்சிஸ், மெக்சிகோவின் பிங்குயிகுலா என்ற பசை இலைச் செடி, நெப்பந்தஸ் வென்ட்ராட்டா என்ற கலப்பினம் இவற்றில் ஏதாவது ஒன்று முதல் செடியாக இருக்கட்டும்.

வாங்கும்போது திசு வளர்ப்பிலோ விதையிலோ பெருக்கிய செடியா என்று கேளுங்கள். காட்டிலிருந்து பிடுங்கி விற்பது இந்தச் செடிகளுக்குப் பெரிய ஆபத்து. மேகாலயத்தில் மட்டும் வளரும் நெப்பந்தஸ் காசியானா, சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. வட கரோலினாவில் காட்டு வீனஸ் பூச்சிப்பொறியைத் திருடுவது 2014 டிசம்பர் முதல் கடுங்குற்றம்.

இதுவரை பார்த்தது: உப்பில்லாத நீர், உரமில்லாத வளர்ப்புக் கலவை, தாராளமான வெளிச்சம். உங்கள் ஊர் பருவநிலைக்கு ஒத்துவரும் இனம்.

## பூச்சி கொடுக்கலாமா

வெளியில் வைத்த செடி தானே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருப்பதற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பொறியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத சிறு பூச்சி கொடுக்கலாம். ஆட்டுக்கறி, கோழிக்கறி வேண்டாம், கொழுப்பு அழுகி இலையையே கெடுக்கும். காய்ந்த பூச்சியை வீனஸ் பூச்சிப்பொறிக்குக் கொடுத்தால், மூடிய பின் வெளியிலிருந்து மெதுவாகப் பிடித்து அசைத்துவிட வேண்டும். உள்ளே துடிப்பு இருந்தால்தான் நொதி வரும் என்று மேலே பார்த்தோம் அல்லவா, அதற்காகத்தான். ட்ரோசெராவுக்கு மீன் தீவனத்தின் ஒரு துகள் போதும்.

## படம் எடுக்கும்போது

இந்தச் செடிகளில் படம் பிடிக்க வேண்டிய அழகெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது. இவ்வளவு கிட்டத்தில் எடுப்பதுதான் மேக்ரோ. நெருங்க நெருங்க, படத்தில் தெளிவாக விழும் பகுதியின் கனம் குறைந்துகொண்டே போகும். அந்தக் கனத்துக்குக் குவிய ஆழம் என்று பெயர். முழுச்சட்டக சென்சார் உள்ள கேமராவில், பொருளின் உண்மை அளவே சென்சாரில் விழும் அளவுக்கு நெருங்கி, எஃப்/8 என்ற லென்ஸ் திறப்பில் எடுத்தால் குவிய ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். ஒரு பசைத்துளி தெளிவாக இருந்தால் அதன் பின்னாலுள்ள துளி மங்கிவிடும். “என் கேமரா சரியில்லை” என்று பலர் நினைப்பதற்குக் காரணம் இந்த இயற்பியல்தான்.

இதற்கு மூன்று வழிகள். முதலாவது, கேமராவைச் செடியின் முக்கியமான தளத்துக்கு இணையாகத் திருப்புவது. ட்ரோசெரா ஸ்பாட்டுலேட்டா தரையோடு தட்டையாக விரிவதால் நேர் மேலிருந்து எடுத்தால் பெரும்பகுதி தெளிவாக விழும். இரண்டாவது, கொஞ்சம் பின்வாங்கி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது. கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும். மூன்றாவது, ஃபோகஸ் ஸ்டாக்கிங். குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மென்பொருளால் ஒட்டுவது. முக்காலி கட்டாயம், மின்விசிறி நின்றிருக்க வேண்டும், ஷட்டரை டைமரில் விட வேண்டும். இலையின் லேசான நடுக்கம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஒளி. பசைத்துளிக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சம் வந்தால் அது உள்ளிருந்து எரிவதுபோலத் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு துளிக்குள்ளும் பின்னால் இருப்பதெல்லாம் தலைகீழாகச் சின்னதாக நிற்கும், துளி ஒரு லென்ஸ் என்பதால். முன்னாலிருந்து நேராக ஃப்ளாஷ் அடித்தால் எல்லாத் துளியிலும் ஒரே வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். விளக்குக்கும் செடிக்கும் நடுவே ஒரு டிரேசிங் காகிதத்தைப் பிடித்தால் ஒளி பரந்து மென்மையாகிவிடும். குடுவைச் செடியையும் பின்னொளியில் எடுத்துப் பாருங்கள். சுவர் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் உள்ளே நீர் நிற்கும் மட்டம், அடியில் கிடக்கும் எறும்புகள் எல்லாம் நிழலாகத் தெரியும்.

துளிகள் குறைவாகத் தெரிகிறதென்று செடி மேல் தண்ணீர் தெளித்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் அந்தப் பசையைக் கழுவிவிடும், செடி மறுபடி சர்க்கரையைச் செலவழித்துத்தான் அதைச் செய்ய வேண்டும். துளி வேண்டுமானால் இரண்டு வாரம் நல்ல வெளிச்சம் கொடுங்கள், பிறகு எடுக்கலாம்.

செடி விளக்கின் ஊதா வெளிச்சத்தில் நிறம் தவறாக விழும், சில விளக்குகளின் துடிப்பால் படத்தில் பட்டைகளும் வரும். அதை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பின்னணிக்குக் கறுப்புத் துணி வைத்தால் கேமரா படத்தை அளவுக்கு மீறி வெளுக்கச் செய்யும், எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

அசைவைப் பிடிக்க விரும்பினால் கணக்கு உதவும். பொறி மூட பத்தில் ஒரு வினாடி. வினாடிக்கு 30 சட்டகம் எடுக்கும் சாதாரண வீடியோவில் அது 3 சட்டகத்தில் முடிந்துவிடும். 240 சட்டகம் எடுக்கும் ஸ்லோமோஷனில் 24 கிடைக்கும். குவியம், வெளிச்சம் எல்லாவற்றையும் திறந்த பொறியிலேயே சரிபார்த்துவிட்டு, பூச்சி கொடுக்கும் நாளில் மட்டும் பதிவு செய்யுங்கள். அப்போது ஒரு மூடலும் வீணாகாது. ட்ரோசெரா கேபென்சிஸ் இலை இரையைச் சுற்றிச் சுருள்வது மணிக்கணக்கில் நடப்பது, அதற்கு டைம்லாப்ஸ். அரை நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் நான்கு மணி நேரம் எடுத்தால் 480 படங்கள், வினாடிக்கு 24 வீதம் ஓட்டினால் 20 வினாடி. அத்தனை நேரமும் ஒளி மாறாமல் இருக்க, ஜன்னலை மூடிவிட்டுச் சாதாரண வெள்ளை விளக்கில் எடுப்பது நல்லது.

அழகுப் படங்களோடு, மாதம் ஒரு முறை ஒவ்வொரு செடியையும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலும் பெயர்ச்சீட்டும் வைத்து எடுத்து வையுங்கள். செடிகள் பெருகும்போது எது எந்த இனம் என்ற குழப்பம் வராது. புதிதாக வந்த குடுவை முந்தியதைவிடச் சிறுத்திருந்தால், கண்ணுக்குத் தோன்றுமுன் அந்தப் படங்களில் தெரிந்துவிடும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம், அடுத்து டிடிஎஸ் மீட்டர்.